ஈரம் குடித்த மூட்டை

மிஷின் நின்ற பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்காக மாவு மில்லை நிறுத்தியிருந்தார்கள். சூடேறிய பெல்ட்டின் ரப்பர் வாடையும் மாவுத் தூசியும் மூக்கை அடைக்க, மூட்டை சுமக்கும் அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அடுக்கிய மூட்டைகளுக்குப் பின்னால் யாரோ நடந்தார்கள். ஓர் அடி. பிறகு ஓர் இழுப்பு. அவன் மனைவி வீட்டுக்குள் வலது காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பாளே, அதே மாதிரி.

அவள் எட்டு நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். இடுப்புக்குக் கீழே அசைவில்லை.

"என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றான் மிஷின் ஓட்டுபவன். "இந்த மாவுல நாம எல்லாருமே பேய் மாதிரிதான் இருக்கோம், விடுங்க." சிரித்துக்கொண்டே கை கழுவப் போய்விட்டான்.

அவளுக்கு எச்.ஐ.வி. வந்தது இவனிடமிருந்துதான். இரண்டு பேருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். தன்னுடையதை மில்லில் வைத்தே விழுங்கினான். அவளுடையதை வீட்டுக்குக் கொண்டுபோனால் கூடவே இருக்கும் அண்ணியின் கண்ணில் பட்டுவிடும்.

"உன் ரத்தத்துல எதிர்ப்பு அணு நிறைய இருக்காம். மாத்திரை இப்ப வேணாம்மா," என்றான். ரிப்போர்ட்டிலும் எண்ணிக்கை அதிகம் என்றுதான் இருந்தது. அவள் நம்பினாள். கால் இழுக்க ஆரம்பித்த பிறகும் நம்பினாள்.

இன்று காலை டாக்டர் கூப்பிட்டார். "எச்.ஐ.வி. இனத்துலயே இன்னொரு கிருமியும் இவங்க உடம்புல இருக்கு. காலை முடக்கினதும் அதுதான், எதிர்ப்பு அணுக்களைப் பெருக்கினதும் அதுதான். எண்ணிக்கைதான் அதிகம், எதிர்ப்பு இல்லை. மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாங்களா? அதை வெச்சுத்தான் அடுத்த மருந்து."

"ஒரு வேளைகூடத் தவறலைங்க," என்றான்.

ஈரம் குடித்த மூட்டையும் தராசில் கனமாகத்தான் காட்டும். உள்ளே தானியம் அழுகிக்கொண்டிருக்கும். இருபது வருஷம் மூட்டை தூக்கிய முதுகுக்கு அது தெரியாதா?

ஓர் அடி. ஓர் இழுப்பு.

மில்லில் மாத்திரைகளை வைத்திருக்கும் தகரப் பெட்டியை மடியோடு அணைத்துக்கொண்டான். உள்ளே அவளுடைய, சீல் உடையாத பதினோரு டப்பா.

போன் அடித்தது. ஆஸ்பத்திரி நம்பர். இப்போதாவது சொல்லிவிடலாம். ஒரே ஒரு வார்த்தை. விரல் நகரவில்லை.

மணி ஓய்ந்தது.

சத்தமும் ஓய்ந்தது. அவன் காலுக்கு முன்னால்.

யாரும் இல்லை. தரையில் படிந்த மாவு மட்டும் மெல்ல அமுங்கியது. ஒரு கையின் தடம். உள்ளங்கை அல்ல, புறங்கை. ஐந்து விரலும் விரித்து, வாங்கிக்கொள்ள ஏந்தியபடி.