உடுத்தும் நாள்

"கடைத் தளத்து முகப்புல தாமரைப்பூ ஒண்ணு சுத்தணும் தம்பி. மெதுவா சுத்தணும்."

"சுத்தலாம் அக்கா. பாக்கறதுக்கு ஆள் வேணுமே."

ஆள் இல்லை. செவித்துணை வந்த பிறகு மனிதர் யாரும் இணையதளங்களைத் திறப்பதில்லை. காதுமடலுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் ஒட்டியிருக்கும் அந்தக் கருவியிடம் தேவையைச் சொன்னால் போதும். பாளையங்கோட்டையின் எல்லாக் கடைத் தளங்களையும் நொடியில் படித்துவிட்டு ஒரே ஒரு கடையின் பெயரைச் சொல்லும். படத்துக்கும் நிறத்துக்கும் அது மயங்காது. கடை சொன்னதும் நடந்ததும் ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் பார்க்கும். தானும் பொய் சொல்லாது. அப்படித்தான் அதைச் செய்திருந்தார்கள்.

ஊரார் 'காது' என்றே அழைத்த இந்தக் கருவிகளுக்கு ஏற்றபடி சின்னக் கடைகளின் தளங்களைத் திருத்திக் கொடுப்பது சேந்தனின் வேலை. புளோரா டெய்லர்ஸில் மூன்று நாளாக உட்கார்ந்திருந்தான். கடையில் நான்கு தையல் மெஷின்கள். மூன்றின் மேல் துணி போர்த்தியிருந்தது. ஊர்ப் பெண்கள் ரவிக்கை வாங்க அச்சுத்தையல் ஆலைக்குப் போய்விட்டார்கள். உடம்பை ஒளியால் அளந்து, காபி குடித்து முடிப்பதற்குள் ரவிக்கையைக் கையில் கொடுக்கும் ஆலை. தை முகூர்த்தங்களுக்கும் ஆர்டர் வராவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு அங்கேயே வேலைக்குப் போவதென்று புளோரா முடிவு செய்திருந்தாள்.

"உங்க தளத்துல 'சொன்ன நாளில் தருவோம்'னு இருக்கு. நடப்பு அப்படி இல்ல. எல்லா ஆர்டரும் நாலு நாள், அஞ்சு நாள் தாமதம். அதான் காது உங்க பேரைச் சொல்ல மாட்டேங்குது. 'அஞ்சு நாள் பிந்தும்'னு உண்மையைப் போட்டுருவோம்."

"என்னைய நானே காட்டிக் குடுக்கவா? நீங்க என் பக்கமா, அவளுவ பக்கமா?"

"பிந்துதா இல்லையா?"

"பிந்தலயே!" புளோரா கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள். "பத்தாம் தேதி கல்யாணம்னு சொல்லுவாளுவ. பத்திரிகையில பதினஞ்சுன்னு இருக்கும். எனக்குத் தெரியாதா? நான் 'நாளைக்கு வா'ம்பேன். வரமாட்டா. அவளுக்கும் என்னையத் தெரியும்லா. பதினாலாம் தேதி வந்து 'அக்கா, கழுத்தை அறுத்துட்டீங்களே'ன்னு ஒரு கத்து கத்திட்டு வாங்கிட்டுப் போவா. இத்தனை வருஷத்துல ஒருத்தியாவது துண்டைப் போத்திட்டு மணவறையில உக்காந்திருக்காளா, கேளுங்க!"

சேந்தன் தலையை நிமிர்த்தினான். கேட்கலாம்தான். யாரும் கேட்டதில்லை.

இதுவரை, வேண்டிய நாள் எது என்றுதான் கடை கேட்கும். வாடிக்கையாளர் சொன்ன நாளை அவர் காது அப்படியே சொல்லும். அது விருப்பம், உண்மையோ பொய்யோ ஆகாது. நடக்கப்போவது என்ன என்று கேட்டால் காது மழுப்ப முடியாது. வாக்குறுதி வரியை அழித்துவிட்டு, அந்த இடத்தில் சேந்தன் ஒரே ஒரு கேள்வியை எழுதினான்: இதை உடுத்தும் நாள் எது?

கிளம்பும்போது புளோரா வழக்கம்போல் சொன்னாள்: "உங்க வீட்டுப் பச்சை பிளவுஸ் தம்பி. கொக்கி மட்டும்தான் பாக்கி. அடுத்த வாரம் தந்துருதேன்."

"அவசரமில்ல அக்கா."

அளவு கொடுத்துவிட்டுப் போன நாச்சியார் இறந்து இரண்டு ஆண்டுகள். அவன் மனைவி. புளோராவுக்கும் தெரியும். அடக்கத்துக்கு வந்திருந்தாள். அதன் பிறகும் பார்க்கும்போதெல்லாம் அவள் அடுத்த வாரம் என்பாள். அவன் அவசரமில்லை என்பான்.

மறுநாள் மத்தியானத்துக்குள் எல்லாம் மாறிவிட்டது. கேள்வியைப் படித்த காதுகள் பழைய ஆர்டர்களையும் புரட்டி, உடுத்திய நாளை வைத்துத் திரும்பக் கணக்கிட்டன. புளோராவிடம் யாருக்கும் எதுவும் பிந்தியதில்லை. ஒரே ஒரு ரவிக்கை மட்டும் நிலுவை. ஊரிலேயே நேரம் தவறாத கடை என்று அவள் பெயரைச் சொல்லத் தொடங்கின.

"தம்பி, மூச்சு விட முடியல!" என்று செவித்துணை வழியே கூப்பிட்டாள். பின்னால் நான்கு மெஷின்களும் ஓடும் சத்தம். அவள் மூச்சு நன்றாகவே விட்டுக்கொண்டிருந்தாள்.

மற்றவர்களும் அவனைத் தேடி வந்தார்கள். பிரியாணி மாஸ்டரின் தளம், உண்மையில் எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று கேட்டது. மெக்கானிக்கின் தளம், வண்டி எதில் மோதியது என்று கேட்டது. உடற்பயிற்சிக் கூடத்தின் தளம், சேர வந்த ஐயா மாதத்தில் எத்தனை நாள் வருவார் என்று கேட்டது. மூன்று, என்றது ஐயாவின் காது. ஊர் ஒரு வாரம் கொதித்தது. பிறகு அடங்கியது. சொன்ன பொய்யை ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலை எல்லோருக்கும் மிச்சமாகியிருந்தது.

தை பிறந்தது. தெற்கு பஜாரில் வெண்டைக்காய் வாங்கிக்கொண்டிருந்தபோது சேந்தனின் காது பேசியது.

"புளோரா டெய்லர்ஸ் கேட்டது. பச்சை ரவிக்கை. உடுத்தும் நாள்? அப்படி ஒரு நாள் இல்லை என்று பதில் சொல்லிவிட்டேன்."

வெண்டைக்காயை அப்படியே வைத்துவிட்டு நடந்தான்.

கடையில் மேசைமேல் ரவிக்கை விரித்திருந்தது. கொக்கிகள் எல்லாம் இருந்தன.

"நான் கேக்கச் சொல்லல தம்பி. தளம் தானா கேட்டிருக்கு."

"தெரியும். நான்தான அப்படி எழுதினேன்."

"உங்க காது சொல்லிட்டுது."

"உங்க தளமும் சொல்லிட்டுது. தைச்சு முடிச்சு ரெண்டு வருஷமாச்சாமே."

புளோரா துணியின் ஓரத்தை நீவினாள். "அவளும் பொய்த் தேதிதான் சொன்னா. ஆனா அவளுக்கு மட்டும் சொன்ன நாளைக்கு முன்னாடியே முடிச்சேன்." நிமிராமல் கேட்டாள்: "வாங்கிட்டுப் போயிருதீங்களா?"

"வாங்கிட்டா உங்க நிலுவை தீந்துரும். சுத்தமான பேரு."

"பேரு கிடக்கட்டும். ஒண்ணு நிலுவையா இருந்தா என்ன இப்போ?"

சேந்தன் ரவிக்கையைக் கையில் எடுத்தான். காதுக்குப் பின்னாலிருந்த செவித்துணையைப் பிய்த்து மேசையில் வைத்தான்.

"மேல் கொக்கி ஆடுதே அக்கா."

புளோரா கொக்கியை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. அவனைப் பார்த்தாள். தன் செவித்துணையையும் கழற்றி, இரண்டையும் பட்டன் டப்பாவில் போட்டு மூடினாள்.

"ஆமா, ஆடத்தான் செய்யுது. நல்ல நூலா போட்டுத் தைக்கணும். அடுத்த வாரம் வாங்க தம்பி."

"அவசரமில்ல அக்கா."

வெளியே வெயில் இதமாக இருந்தது. பஜார் முனைக்கு வந்த பிறகுதான் காதில் ஒன்றும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகவில்லை. அதையும் அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம். காய்க்கடைக்காரனிடம் போய், விட்டுவந்த வெண்டைக்காயைத் தானே ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்து எடுத்துக்கொண்டான்.