மணலில் மூன்று தடங்கள்

தூசிக்கு என்னதான் கோளாறு என்று கண்டுபிடிக்க எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

தூசி ஒரு குதிரையேற்றப் பயிற்சி மையத்துக் குதிரை. மண்ணில் புரண்டு எழுந்தது போன்ற நிறம். தேய்த்துக் குளிப்பாட்டினாலும் அதே நிறம்தான். பயிற்சியின்போது எந்தத் தடையை வைத்தாலும் துள்ளித் தாண்டிவிடும். போட்டிக்குப் போனால் மட்டும் ஏதாவது ஒரு தடைக்கு முன்னால் நாலு காலையும் ஊன்றி நின்றுவிடும். மூன்று முறை நின்றால் வெளியே அனுப்பிவிடுவார்கள். போன இரண்டு போட்டிகளிலும் அப்படித்தான் வெளியே வந்தது. அங்கே பழகும் மற்றப் பிள்ளைகள் அதற்கு 'பிரேக்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

லாடம் அடிப்பவர் காலைத் தூக்கிப் பார்த்தார். மருத்துவர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். சேணம் தைப்பவர் முதுகைத் தடவிவிட்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு. வெறும் திமிரு," என்றார். அந்த முதுகின்மேல் உட்காரும் சுண்டுவை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

சுண்டுவுக்குப் பத்து வயது. பிறந்தபோது சுண்டுவிரல் அளவுதான் இருந்தாள் என்று அப்பா வைத்த செல்லப்பெயர் அது. அம்மா இல்லை. அப்பா தொலைதூரப் பேருந்து ஓட்டுநர். அவர் வீட்டில் இருக்கும் நேரம் இவள் பள்ளியில் இருப்பாள். இவள் வீட்டுக்கு வரும் நேரம் அவர் சாலையில் இருப்பார். மாடிவீட்டு அத்தை சாப்பாடு வைத்துவிட்டு, சாப்பிட்டாளா என்று பார்த்துவிட்டுப் போவார்.

அதனால் பள்ளியில் நடந்ததையெல்லாம் சுண்டு தூசியிடம்தான் சொல்வாள். அது காதை ஆட்டி ஆட்டிக் கேட்கும். நடுவில் குறுக்கே பேசாது. அவளுக்கு இருந்த ஒரே நட்பு அதுதான்.

போட்டி நாளன்று காலையிலேயே, குதிரையேற்றம் சொல்லித்தரும் மாஸ்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னைக்கும் முடிக்காம வந்தா, இவனை வெளியூர்ப் பண்ணைக்கு அனுப்பிடலாம்னு இருக்கேன். நல்ல இடம்தான். நீ வேற குதிரையில பழகிக்கோ."

சுண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

மைதானத்தின் இடப்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மற்றப் பிள்ளைகளின் வீட்டார் குடையும் தண்ணீர் பாட்டிலுமாக வந்து நிறைந்துவிட்டார்கள். சுண்டு தன் மஞ்சள் பள்ளிப்பையை ஓரத்து நாற்காலியில் வைத்து இடம் பிடித்தாள்.

"இங்க ஆள் வராங்களாம்மா?" என்று குடை வைத்திருந்த ஒரு பெண் கேட்டார்.

"எங்க அப்பா வராரு. வந்துட்டே இருக்காரு."

அதைச் சொல்லி மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. அந்த நாற்காலியில் இன்னமும் பைதான் உட்கார்ந்திருந்தது. போன இரண்டு போட்டிகளையும் அந்தப் பைதான் உட்கார்ந்து பார்த்தது.

பத்துக் குதிரைகள் ஓடியதும் மணலைச் சமப்படுத்த வேண்டும் என்பது அங்கே விதி. இருபது குதிரைகள் ஓடி முடித்தன. இருபத்தொன்றாவது ஆளும் கடைசி ஆளும் சுண்டுதான்.

"ஒத்தக் குதிரைக்காக மொத்த மணலையும் இழுக்கணும்," என்று முணுமுணுத்துக்கொண்டே மணல்காரர் பல் வைத்த நீளச் சட்டத்தை மைதானம் முழுக்க இழுத்து முடித்தார். மணல் எழுதாத நோட்டுப் போல சுத்தமாகக் கிடந்தது.

மணி அடித்தது. முதல் தடையைத் தூசி சுலபமாகத் தாண்டியது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. நாற்காலிகளுக்குப் பக்கத்தில் இருந்த நான்காவது தடைக்கு வந்ததும் நின்றுவிட்டது.

"பிரேக் போட்டாச்சு," என்று யாரோ ஒரு பையன் சொல்ல, நாற்காலிகளில் சிரிப்புக் கிளம்பியது.

சுண்டு சுற்றி வந்து மறுபடி முயன்றாள். தூசி மறுபடியும் நின்றது. இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான்.

தூசியைத் திருப்பிக்கொண்டு போகும்போது அவளுக்கு அழுகை முட்டியது. யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் மணலைப் பார்த்தாள்.

குளம்புத் தடங்கள் இரண்டு வரிசையாகத் தெரிந்தன. முதல் முயற்சி ஒன்று, இரண்டாவது முயற்சி இன்னொன்று. இரண்டுமே தடையின் நடுப்பகுதியை நோக்கி நேராகத் தொடங்கியிருந்தன. தடை நெருங்கும்போது இரண்டுமே இடப்பக்கம் வளைந்திருந்தன.

இடப்பக்கம் என்ன இருக்கிறது? நிமிர்ந்து பார்த்தாள். மஞ்சள் பை இருந்தது.

சுண்டுவுக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில்தான் அவள் திரும்பிப் பார்த்தாள். பையை எடுத்துவிட்டு அப்பா உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்தாள். தலை திரும்பினால் தோளும் திரும்பும். தோள் திரும்பினால் கடிவாளம் பிடித்த கையும் திரும்பும். தாண்டு என்றும் சொல்லி, இடப்பக்கம் வா என்றும் இழுத்தால் தூசி பாவம் என்ன செய்யும்? நின்றுவிட்டது.

"நீ நிக்கலடா. நான்தான் நிறுத்தியிருக்கேன்," என்று அதன் காதருகே குனிந்து சொன்னாள். "மன்னிச்சுக்கோ."

தூசி வழக்கம்போல் காதை ஆட்டியது.

நான்காவது தடைக்கு நேர் பின்னால், மதில் ஓரத்தில் ஒரு நீலத் தண்ணீர்த் தொட்டி இருந்தது. சுண்டு அதையே பார்த்துக்கொண்டு தூசியைத் தட்டிவிட்டாள். தடை நெருங்கியது. கண் இடப்பக்கம் போகத் துடித்தது. அப்பா இந்த நிமிடம்தான் வந்து உட்கார்ந்திருப்பாரோ என்னவோ. பார்க்காமல் போவது அவரை நடுவழியில் இறக்கிவிட்டுப் போவது மாதிரி இருந்தது. இருந்தாலும் அவள் திரும்பவில்லை. நீலத்தொட்டி, நீலத்தொட்டி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

தூசி எழும்பியது. கட்டையில் கால் படாமல் அந்தப் பக்கம் இறங்கியது. அதன்பிறகு ஐந்தாவது, ஆறாவது என்று ஒன்பது தடைகளையும் முடித்துவிட்டது.

ஓடி முடித்த பிறகுதான் சுண்டு திரும்பிப் பார்த்தாள். நாற்காலியில் பை இருந்தது.

கைதட்டல் கேட்டது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கைதட்டிய யாரையும் அவளுக்குத் தெரியாது.

மாஸ்டர் ஓடி வந்தார். "எப்படித் தாண்டினான்?"

"அவன் மேல தப்பே இல்ல மாஸ்டர். நான்தான் திரும்பித் திரும்பிப் பாத்திருக்கேன். மணல்ல பாருங்க."

மாஸ்டர் மணலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டார். "பல்லு, காலு, முதுகு எல்லாம் பாத்தோம். இதை நான் பாத்திருக்கணும். சரி, பண்ணைக்காரர்கிட்ட குதிரை இல்லைன்னு சொல்லிடறேன்."

சுண்டு தூசியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

பரிசு கொடுத்து முடிந்தது. அவளுக்குக் கடைசிக்கு முந்தின இடம். கூட்டம் கலைந்தது. நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போனார்கள். மஞ்சள் பை இருந்த நாற்காலி மட்டும் தனியாக நின்றது.

மணல்காரர் சட்டத்தை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"அண்ணே, கொஞ்சம் பொறுங்கண்ணே," என்று சுண்டு குறுக்கே போய் நின்றாள். "எங்க அப்பா இன்னும் பாக்கல."

"பந்தயமே முடிஞ்சு போச்சு. இனிமே வந்து எதைப் பாப்பாராம்?"

"மணலை."

மணல்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தனி நாற்காலியையும் அதில் இருந்த பையையும் பார்த்தார். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

வெயில் சாய்ந்த பிறகு அப்பா ஓடி வந்தார். சட்டையெல்லாம் கறுப்புக் கறை.

"வழியில டயர் வெடிச்சிருச்சு சுண்டு. முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சுப்பா."

அப்பாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "இந்தத் தடவையும்..." என்று இழுத்தார். சுண்டு அவர் கையைப் பிடித்து நான்காவது தடைக்கு முன்னால் கூட்டிப்போனாள்.

அப்பா குனிந்து, வளைந்த தடங்களைப் பார்த்தார். "இங்க டிரைவர் ரோட்டைப் பாக்கலையே."

"டிரைவர் உன்னைத்தான் பாத்தாங்க. நீ வந்துட்டியான்னு."

அப்பா அந்த வளைவை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மூன்றாவது தடத்தைக் காட்டினார். அது வளையாமல் நேராகப் போனது.

"இது?"

"இதுல நேராப் பாத்தேன். நீ வந்தியான்னு பாக்கவே இல்லப்பா."

"நல்ல டிரைவர்," என்றார் அப்பா. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "வா, முதல்ல இருந்து காட்டு. ஒண்ணையும் விட்டுடாத."

இருவரும் கைகோத்துக்கொண்டு முதல் தடைக்கு நடந்தார்கள். எங்கே வேகம், எங்கே திருப்பம், எங்கே துள்ளல் என்று சுண்டு சொல்லிக்கொண்டே வந்தாள். அப்பா ஒவ்வொன்றுக்கும் நின்று கேட்டார். ஒன்பதாவது தடையையும் அவர் பார்த்து முடித்த பிறகுதான் மணல்காரர் வாளியை விட்டு எழுந்தார்.