எட்டு எழுத்துக்கு மேல்

செவ்வாய்க் குடியிருப்பில் மக்கள் எழுந்ததும் பல் துலக்குவார்கள். பிறகு காதை இயக்குவார்கள். அங்கே பிறந்தவர்களின் செவிப்பறைகளைக் காற்றழுத்தம் கெடுத்துவிட்டதால் எல்லோருக்கும் செவிச்சில்லுதான்.

அன்று தேவசகாயத்தின் காது இயங்கவில்லை. ‘இவ்வகைச் சில்லுக்கு ஆதரவு நிறுத்தப்பட்டது’ என்று மணிக்கட்டுத் திரையில் ஒரு வரி வந்தது. புதிய சில்லு பூமியிலிருந்து வர ஒன்றரை ஆண்டாகும். அதுவரை, கூரையில் காற்று கசிந்தால் ஊதும் அபாயச் சங்கு அவருக்குக் கேட்காது. அது கேட்காமல் இறந்தவர்கள் உண்டு.

அவர் மனைவி பிளாரன்ஸ் நிரல் எழுதுபவர். சில்லைச் செய்த நிறுவனம் ஒப்பாத நிரலைச் சில்லு ஏற்காது. ஆனால் பொழுதுபோக்குக்கென்று அதற்குள் இருந்த ஒரு போலிப்பொறி மட்டும் இன்னும் ஓடியது. பழங்கால விளையாட்டுப் பெட்டியைப்போல் நடித்து, அந்தக் காலத்து விளையாட்டுகளை ஓட்டும் மென்பொருள். ஒலிவாங்கியைத் தொடவும் அதற்கு அனுமதி உண்டு. அவற்றில் ஒரு விளையாட்டு, தொடங்கும்போது கதாநாயகனுக்குப் பெயர் கேட்டது. பெயர் எட்டு எழுத்தைத் தாண்டினால், மிச்சம் நினைவகத்தில் வழிந்துவிடும். பொறி அதைக் கட்டளை என்று நம்பிச் செய்துவிடும். பிளாரன்ஸ், ஒலியைக் காதுக்குக் கடத்தத் தான் எழுதிய நிரல் முழுவதையும் கதாநாயகனின் பெயராகத் தட்டினார். திரையில் வாளோங்கிய வீரன் அப்படியே உறைந்தான்.

“ஏங்க, கேக்குதா?”

தேவசகாயத்துக்குக் கண் கலங்கியது. “கேக்குது. இன்னொரு தடவை சொல்லு.”

செய்தி பரவியது. ஆதரவிழந்த காதுகளெல்லாம் அவர்கள் வாசலுக்கு வந்தன. பிளாரன்ஸ் எல்லோருக்கும் இலவசமாகப் போட்டுக்கொடுத்தார். ஒரு மாதம் நிம்மதி. பிறகு சமையற்கூடத்து இருதயராஜ், அதே ஓட்டை வழியாகத் தன் நிரலை நுழைத்து, மேலதிகாரியின் குரலைக் கோழிக் கொக்கரிப்பாக மாற்றிக்கொண்டார். அடுத்த வீட்டு லூர்தம்மாள், தூக்கம் கெடுகிறதென்று சங்கொலியையே குறைத்துக்கொண்டார்.

“நான் ஒழுங்கா எழுதிக் குடுத்தா ஆளாளுக்கு நோண்டுறாங்க,” என்றார் பிளாரன்ஸ்.

“அவங்க காதுதானே, பிளாரன்ஸ்.”

“நிரல் என்னோடதுங்க.”

மறுநாள் எல்லோருக்கும் ஒரு புதுப்பிப்பு வந்தது. இனிப் பெயர் எட்டு எழுத்துக்குமேல் போகாது. பிளாரன்ஸ் ஒப்பாத எதுவும் ஓடாது. கூடவே நீளமான ஓர் ஒப்பந்தம். குடியிருப்பே ஒரே மூச்சில் ‘ஒப்புகிறேன்’ என்பதைத் தொட்டுவிட்டு வேலைக்குப் போனது.

தேவசகாயம் மட்டும் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். “இதுல என்னதான் போட்டிருக்க?”

“தெரியலைங்க. அந்த நிறுவனத்தோடதையே வெட்டி ஒட்டிட்டேன். நானும் படிக்கல.”

அவர் சற்று யோசித்தார். வேலைக்கு நேரமாகியிருந்தது. ‘ஒப்புகிறேன்’ என்பதைத் தொட்டுவிட்டுக் கிளம்பினார்.