முத்திரை போட்ட கை

அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். மருந்துக் கிடங்கின் முதலாளியான பெரியவர். கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அவர் தம்பி. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் மருமகள். அப்புறம், ஒரு இன்ஸ்பெக்டர்.

காணாமல் போனது புற்றுநோய் மருந்து. நாற்பது பெட்டி.

பூட்டு உடையவில்லை. கதவே மரியாதையாகத் திறந்து வழிவிட்டிருந்தது.

"அது எப்படிம்மா திறக்கும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆபீஸ்ல என் புரோகிராம் ஒரு டோக்கன் போடும் சார், கம்ப்யூட்டர் அனுமதிச் சீட்டு மாதிரி. யாரு வர்றாங்க, எந்தக் கதவுன்னு. அதுக்கு அடியில ரகசியச் சாவியை, அதாவது ஒரு ரகசிய எண்ணை வச்சு, ஒரு முத்திரை. கிடங்கு கம்ப்யூட்டர் முத்திரையைச் சரிபாக்கும். ஒத்துப்போனா திறக்கும்."

"நேத்து வந்த முத்திரை?"

"அசல்."

தம்பி சிரித்தார். "அப்புறம் என்ன? முத்திரை போடுறதே இவதான். பாலுக்குப் பூனையக் காவல் வச்சிட்டோம்ண்ணே."

பெரியவரின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. மூன்று தலைமுறையாக அந்த வீட்டு வாசலில் போலீஸ் நின்றதில்லை. இன்று நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

"எடுத்தியாம்மா?"

"இல்ல மாமா."

"நிரூபி. முடியலைன்னா நானே ஜீப்ல ஏத்திவிடுவேன்."

மருமகள் லேப்டாப்பைத் திருப்பினாள்.

"டோக்கன் எங்கிருந்து வந்துச்சுன்னு கதவு குறிச்சு வைக்கும். நேத்து வந்தது ஆபீஸ்ல இருந்து வரல. கிடங்கு கம்ப்யூட்டர்லயே பிறந்திருக்கு."

"அது சரிபாக்குறதுக்குத்தானே?" தம்பியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"சரிபாக்கவும் போடவும் ஒரே சாவி, சின்ன மாமா. அது யார்கிட்ட இருந்தாலும் முத்திரை போடலாம். கிடங்கைப் பாத்துக்கிறது வெளியாளா இருந்தா அந்தச் சாவியை அங்க குடுத்திருக்கவே மாட்டேன்."

"அப்ப... எவனோ நுழைஞ்சிருக்கான்."

"இருக்கும். நீங்க கம்ப்யூட்டர் ரூமைப் பூட்டாம போயிருப்பீங்க."

தம்பிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. குடும்ப வியாதி.

"யாரைப் பொறுப்பில்லாதவன்னு சொல்றே? என் கைரேகை இல்லாம அந்த மெஷினுக்கு உசுரே வராது. எவனும் தொட..."

வாக்கியம் முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"ஜீப்ல இடம் இருக்கா சார்?" என்றார் பெரியவர்.

"அண்ணே..."

"நிமிர்ந்து நட. நம்ம வீட்டு ஆளு குனிஞ்சு போகக்கூடாது."

பெரியவர் போலீஸைச் சரிக்கட்டி, தம்பியை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டதாக ஒரு பேச்சு உலவுகிறது.

பொய். தம்பி உள்ளூர்ச் சிறையில்தான் இருக்கிறார். சந்தேகம் இருப்பவர்கள் பார்வையாளர் நேரத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.