விமானம் கழன்றது

வகுப்பே சிரித்தது. சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி, விடைத்தாளைப் பிடித்தபடி நின்ற இசக்கிச்செல்வி. இன்னொருத்தி, அவள் பக்கத்தில் இருந்த முஃபீதா.

பாளையங்கோட்டைப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வு அது. 'தி பிளேன் டுக் ஆஃப்' என்பதைத் தமிழில் எழுத வேண்டும். களக்காட்டிலிருந்து இந்த ஆண்டுதான் வந்து சேர்ந்த இசக்கிச்செல்வி, 'விமானம் கழன்றது' என்று எழுதியிருந்தாள்.

"ஏட்டி, இறக்கை கழண்டுச்சா, சக்கரம் கழண்டுச்சா?" என்றான் சுடலைராஜ்.

அவளுக்கு இருபதுக்கு ஒன்பது. பத்துக்குக் குறைந்தால் எல்லாச் சொற்களையும் ஐம்பது தடவை எழுத வேண்டும்.

முஃபீதா எழுந்தாள். "மிஸ், அவ மேல தப்பில்ல."

பெனிஷா மிஸ் நிமிர்ந்து பார்த்தார். "விமானம் என்ன செருப்பா, கழலுததுக்கு? நீ 'கிளம்பியது'ன்னு சரியாத்தானே எழுதியிருக்கே?"

"எங்க வாப்பா துபாய்ல இருக்காவ, மிஸ். விமானத்துல ஏறி உக்காந்ததும், 'டேக் ஆஃப் ஆகப்போவுது'ன்னு போன்ல சொல்லுவாவ. அதான் எனக்குத் தெரியும். அவளுக்கு யாரு சொன்னா?"

"உக்காரு, முஃபீதா."

"மாட்டேன், மிஸ்."

முஃபீதா தன் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். உட்காரவில்லை.

"அப்ப நீயும் அவகூடச் சேர்ந்து எழுதணும். சம்மதமா?"

"எழுதுதேன், மிஸ். அதுக்கு முன்னால இதப் பாருங்க." தன் நோட்டைக் கொண்டுபோய் மேசைமேல் விரித்தாள்.

'டேக் ஆஃப் – கழற்று. செருப்பைக் கழற்று. தொப்பியைக் கழற்று.' அவ்வளவுதான் இருந்தது. கீழே மிஸ்ஸின் சிவப்பு மைக் கையெழுத்து.

மிஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேற அர்த்தம் நான் சொல்லவே இல்லையோ?"

"இல்ல, மிஸ்" என்றான் சுடலைராஜ் மெதுவாக.

மிஸ் இசக்கிச்செல்வியின் தாளை வாங்கி, ஒன்பதை அடித்துவிட்டுப் பத்து என்று எழுதினார். பிறகு கரும்பலகைக்குப் போனார். 'டேக் ஆஃப் – கழற்று' என்று எழுதி, அதற்குக் கீழே 'தரையை விட்டுக் கிளம்பு' என்றும், அதற்கும் கீழே 'சட்டென்று நழுவிப் போ' என்றும் எழுதினார்.

"மூணாவதுக்கு யாரு ஒரு வாக்கியம் சொல்லுதீங்க?"

இசக்கிச்செல்வி கையைத் தூக்கினாள்.

"பெல் அடிச்சதும், சுடலைராஜ் டுக் ஆஃப்!"

"பிரமாதம்!" என்றார் மிஸ். சுடலைராஜ் டெஸ்குக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டான்.

மிஸ் திரும்பினார். "முஃபீதா, இப்பவாவது உக்காருவியா?"

"இப்ப உக்காருதேன், மிஸ்."