எரியோடு வண்டி வட்டமடிக்கட்டும்

பிணம் ஒன்று.

பெண்டாட்டி இரண்டு.

சிக்கலே அதுதான்!

திண்டுக்கல் நாகல் நகரில், எங்கள் தெருவின் நடு வீட்டில், ஐஸ் பெட்டிக்குள் ஜெபமாலையும் கையுமாகப் படுத்திருந்தார் வெங்காய மண்டி சூசைமாணிக்கம். முந்தின நாள் சாயங்காலம் தோசைக்கு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டிருக்கிறார்.

சட்னி வந்தது. ஆள் இல்லை.

குடும்ப டாக்டர் வந்தார், பார்த்தார், ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்த நெஞ்சுதானே என்று மாரடைப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தலைமாட்டில் மனைவி புஷ்பமேரி. ஊரறிந்த மனைவி. ஓய்வு பெற்ற டீச்சர் என்பதால் அழுகையில்கூட ஓர் ஒழுங்கு இருந்தது.

ஊரறியாத மனைவி சிவனம்மாள், பக்கத்து ஊர் எரியோட்டில். ஊரறியாத என்பது ஒரு பேச்சுக்கு. எங்கள் தெருவுக்குத் தெரியும். புஷ்பமேரிக்குத் தெரியாது என்பதும் எங்களுக்குத் தெரியும். அந்த அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே... அதை எழுதினால் தனி நாவல்.

ஒரே மகன் ஜெரோமின் செல்போன் அடித்தது.

"தம்பி... சிவனம்மா பேசுறேன்."

ஜெரோம் போனைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினான்.

"அவரு மொகத்த ஒருக்கா பாத்துட்டு வந்துர்றேன். எங்க சனம் நாலு பேரோட வேன்ல ஏறிட்டேன். வேணாங்காத தம்பி."

வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. வாருங்கள் என்று சொல்லவும் வரவில்லை. அப்பாவுக்கு இன்னொரு வீடு இருப்பது, அவருக்கு ஸ்டென்ட் வைத்த ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் அவனுக்குத் தெரிய வந்தது. அன்றிலிருந்து ஒரே பயம். அம்மாவுக்கும் இரத்த அழுத்தம். விஷயம் காதில் விழுந்தால், இன்னொரு ஐஸ் பெட்டிக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதுதான்!

இரண்டு பேரும் ஒரே கூடத்தில் சந்திக்கக் கூடாது.

கூடவே கூடாது!

ஜெரோம் மூச்சை இழுத்து விட்டான். பதற்றம் போனது. ஏனென்றால் அவன் தொழிலே இதுதான்.

சென்னை விமான நிலையத்தில் அவன் ஏர் டிராபிக் கன்ட்ரோலர். முதலில் பிளேன் ஓட்டுகிறான் என்று நாங்கள் நினைத்தோம். இல்லை என்றதும் கொடி அசைக்கிறான் என்று முடிவு கட்டினோம். இரண்டும் இல்லையாம். மங்கலான அறையில் ரேடார் திரைக்கு முன்னால் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்து, டெல்லி விமானத்தை இந்தப் பக்கம் திருப்பு, துபாய் விமானத்தைக் கொஞ்சம் இறக்கு என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமாம். எந்த இரண்டும் நெருங்கக் கூடாது. ஓடுதளத்தில் ஒன்று இருக்கும்போது இன்னொன்று தரையைத் தொடக் கூடாது. நெரிசல் என்றால் பின்னால் வருவதை வானத்திலேயே வட்டமடிக்க விட வேண்டும்.

புரிகிறதல்லவா? கூடம்தான் ஓடுதளம். எரியோட்டு வேன்தான் விமானம்!

ஜெரோம் தன் பால்ய சிநேகிதன் பிரான்சிஸை அழைத்தான். பிரான்சிஸ் ஆட்டோ ஓட்டுகிறவன். சொன்னதைச் செய்வான், சொல்லாததையும் செய்வான்.

"எரியோட்டு வேன் கரூர் ரோட்டுல வருது. ஊருக்கு வெளிய பெட்ரோல் பங்க்ல நிப்பாட்டு. டீ வாங்கிக் குடு. நான் சொல்ற வரைக்கும் நகரக் கூடாது. திருப்பிச் சொல்லு."

"எதுக்கு மாப்ள திருப்பிச் சொல்லணும்? காது நல்லாத்தான கேக்குது."

"பைலட்டே திருப்பிச் சொல்லுவான்டா. நீ சொல்லு."

பிரான்சிஸ் சொன்னான். வேன், பங்க், டீ, நகரக் கூடாது. வடையை மட்டும் தானாகச் சேர்த்துக்கொண்டான்.

வேன் பங்க்கில் நின்றது. எரியோட்டுச் சனம் டீ குடித்தது. மறுபடியும் குடித்தது. துக்கத்துக்கு வந்த இடத்தில் இப்படி ஓர் உபசரிப்பா என்று அவர்களுக்கே சந்தேகம்.

இங்கே ஜெரோம் கூடத்தைக் காலி செய்தான். அம்மாவிடம் குனிந்து, உள் அறையில் செத்த நேரம் படுத்தால் பிரஷர் பார்க்கலாம் என்றான். புஷ்பமேரி மறுபேச்சுப் பேசாமல் எழுந்து போனார். டாக்டர் கெஞ்சினாலே நாற்காலியை விட்டு எழாத மனுஷி!

கவனித்தோம். கவனித்து என்ன செய்ய?

உள் அறைக் கதவு சாத்திக்கொண்டது.

"இப்ப அனுப்பு," என்றான் ஜெரோம் போனில்.

வேன் மேம்பாலத்தில் ஏறி இறங்கி வாசலுக்கு வந்தது. மண்டியில் வேலை பார்க்கும் பெண்கள் என்று தெருவுக்கு அறிமுகம் நடந்தது. நாங்களும் ஆமாம் ஆமாம் என்றோம். சிவனம்மாள் பெட்டியின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தார். உள்ளே இருந்த முகத்தை, கடைக்காரன் தராசைப் பார்ப்பதுபோல் பார்த்தார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வெளியே வந்துவிட்டார்.

உரசல் இல்லை. மோதல் இல்லை. ஜெரோமுக்குத் தன் தோளைத் தானே தட்டிக்கொள்ளத் தோன்றியது.

அப்போது மறுபடியும் போன்!

"டவுன் இன்ஸ்பெக்டர் அறிவுச்செல்வி பேசறேன். சூசைமாணிக்கம் மகன்தான நீங்க?"

"ஆமா மேடம்."

"உங்கப்பாவைக் கொன்னுட்டாங்கன்னு ஒரு போன் வந்திருக்கு. பொம்பளைக் குரல். பேர் சொல்லல. நான் வர்ற வரைக்கும் பாடிய எடுக்கக் கூடாது. அடக்கம் எங்க?"



பொம்பளைக் குரல் என்றால் யார்? சிவனம்மாள்தான்! அவன் கணக்கில் ஊரில் மிச்சமிருந்த ஒரே பெண் அவர்தான். உரிமை கேட்கப் போலீசை இழுத்திருக்கிறார். இந்த இன்ஸ்பெக்டர் வந்து நடுக்கூடத்தில் நின்று, எரியோட்டுச் சம்சாரம் எங்கே என்று கேட்டால்... அம்மா?

கொலையா, கொலை இல்லையா என்று ஒரு நொடிகூட அவன் யோசிக்கவில்லை. ரேடாரில் மூன்றாவதாக ஒரு புள்ளி வந்திருக்கிறது. அதையும் வட்டமடிக்க விட வேண்டும். அவ்வளவுதான்!

"கல்லறைத் தோட்டத்துலதான் மேடம் எல்லாரும் வருவாங்க. ஸ்டேஷன் முக்குல நில்லுங்க. நம்மாளு ஆட்டோவுல முன்னாடி போவான், அவன் பின்னாடியே வந்துருங்க."

விமான நிலையத்தில் இதற்கென்றே ஒரு வண்டி உண்டாம். வழி தெரியாத விமானத்துக்கு முன்னால் ஓடிக் கூட்டிப் போகுமாம். நாகல் நகருக்கு அந்த வண்டி பிரான்சிஸின் ஆட்டோ. பூ மார்க்கெட் நெரிசல், பள்ளிக்கூடம் விடும் சந்து, பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்ட ரோடு... ஒன்றையும் விடாமல் போலீஸ் ஜீப்புக்குச் சுற்றிக் காட்டி, கடைசியில் கல்லறைத் தோட்டத்து வாசலில் கொண்டு போய் நிறுத்தினான்.

அங்கே யாரும் வரப்போவதில்லை.

குடும்பக் கல்லறையில் போன வருஷம்தான் புஷ்பமேரியின் மாமியாரை வைத்தார்கள். இத்தனை சீக்கிரம் திறக்க முடியாது. அதனால் மின் மயானத்தில் எரித்து, சாம்பலைப் பிறகு கல்லறையில் வைப்பது என்று புஷ்பமேரி முடிவு செய்திருந்தார். பங்குச் சாமியாரும் சரி என்றார். எங்கள் தெருவில்தான் ஒருவருக்கும் சரியாகப் படவில்லை.

இன்ஸ்பெக்டர் சிலுவைகளுக்கு நடுவே காத்திருந்த நேரத்தில், சூசைமாணிக்கம் புகையாகப் புறப்பட்டுப் போனார்.

ஜெரோம் மயானத்திலேயே தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வீடு திரும்பினான். கொல்லை வழியாகச் சமையலறைக்குள் காலை வைத்தவன்...

அப்படியே நின்றான்!

அம்மாவும் சிவனம்மாளும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். புஷ்பமேரி வெஞ்சனத்தை எடுத்து அந்த அம்மாளின் தட்டில் வைத்தார்.

"வந்துட்டியா அப்பு? உக்காரு, தட்டு எடுக்குறேன்."

"அம்மா... இவங்க யாருன்னு..."

"தெரியாமயா? வெங்காய மண்டிக்காரரு வாராவாரம் முருங்கைக்காயோட வீட்டுக்கு வந்தா, எந்தக் கொல்லையில பறிச்சதுன்னு தேட மாட்டேனா? போய்ப் பாத்தேன். இவ நின்னா. இவளும் பாவம், என்னைய மாதிரியே."

"அக்காதான் மொதல்ல நம்பர் குடுத்தாக," என்றார் சிவனம்மாள்.

விமானங்களில் ஒரு கருவி உண்டு. இரண்டு விமானம் ரொம்ப நெருங்கிவிட்டால், கீழே இருக்கும் கன்ட்ரோலரைக் கேட்காமல் அவை தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ளும். நீ மேலே போ, நான் கீழே போகிறேன் என்று. அந்த நேரத்தில் கன்ட்ரோலர் வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் சட்டம். வானத்தில் அந்தச் சட்டத்தை மதித்த ஜெரோம், வீட்டில் அப்படி ஒரு கருவி இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

அவன் வாயைத் திறந்தான்.

"அப்புறம் எதுக்குப் போலீசுக்குப் போன் பண்ணீங்க?"

"நான் பண்ணல தம்பி. அவ பண்ணிருப்பா."

"எவ?"

"சின்னாளபட்டிக்காரி," என்றார் புஷ்பமேரி, ரசத்தைக் கரண்டியால் கலக்கியபடி. "உங்கப்பா போன மாசம் அங்கன ஒரு வீடு பிடிச்சாரு. மூணாவது."

ஜெரோம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான்.

"ஸ்டென்ட் வச்சதுல இருந்து அவருக்கு மாத்திரை எங்க பொறுப்பு," புஷ்பமேரி வகுப்பு எடுப்பதுபோல் நிதானமாகச் சொன்னார். "மத்தியானம் எரியோட்டுல சாப்பாடு, ராவுக்கு இங்க. ஒரு நாளைக்கு ஒண்ணுதான், ரெண்டானா ஆபத்து. யாராச்சும் ஒருத்தர் குடுத்தாப் போதும். குடுத்ததும் மத்தவளுக்குப் போன் போட்டுச் சொல்லிருவோம். ஒரு நாளும் தப்புனதில்ல."

"கையில வச்சா முழுங்கிருவாரு. என்ன ஏதுன்னு கேக்குற மனுசனில்ல," என்றார் சிவனம்மாள்.

"சின்னாளபட்டி வெவரம் தெரிஞ்ச அன்னைக்கு, அந்தப் போனை நிப்பாட்டிட்டோம்."

"அம்மா!"

"வேற ஒண்ணும் பண்ணல. நான் டாக்டரு எழுதுனதத்தான் குடுத்தேன்."

"நானும் டாக்டரு எழுதுனதத்தான் குடுத்தேன் தம்பி."

ஜெரோமுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் கன்ட்ரோலர், எந்த விமானத்துக்கு என்ன சொன்னேன் என்று அடுத்து உட்காருபவனிடம் சொல்லாமல் போனால் என்ன ஆகும்? ஆளுக்கு ஒரு உத்தரவு. இரண்டும் சரியான உத்தரவு. விமானம் மட்டும் மிஞ்சாது!

வாசலில் ஜீப் சத்தம்.

இன்ஸ்பெக்டர் அறிவுச்செல்வி உள்ளே வந்தார். பூட்ஸில் கல்லறைத் தோட்டத்துச் செம்மண். பின்னால் பிரான்சிஸ், தலையைத் தொங்கப் போட்டபடி. எல்லாவற்றையும் கக்கியிருக்கிறான் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"உங்கப்பா எப்படிச் செத்தாருன்னு இனி சாம்பலைக் கேட்டாச் சொல்லாது," என்றார் இன்ஸ்பெக்டர். குரலை உயர்த்தவில்லை. "அதனால தெரிஞ்சதை மட்டும் கேக்கறேன். பாடிய எடுக்காதன்னு சொன்னதுக்கு அப்புறமும் எரிச்சது யாரு? போலீஸ் ஜீப்ப ஊரெல்லாம் சுத்த விட்டது யாரு?"

ஜெரோம் அம்மாவைப் பார்த்தான்.

ஒரு வார்த்தை போதும். மாத்திரை என்று சொன்னால் அவன் தப்பிவிடுவான். காலையிலிருந்து அவன் காப்பாற்ற ஓடிய மனுஷி, ஜீப்பில் ஏறிவிடுவார். புஷ்பமேரி கண்ணைத் தாழ்த்தவில்லை. மகன் என்ன சொல்லப் போகிறான் என்று, பரீட்சை அறையில் நிற்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் மேடம்."

"எதுக்கு?"

"அம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னு... அப்பாவுக்கு எரியோட்டுல இன்னொரு வீடு. அவங்க ரெண்டு பேரும் பாத்துக்கக் கூடாதுன்னுதான் எல்லாமே."

இன்ஸ்பெக்டர் சிவனம்மாளைப் பார்த்தார்.

"நீங்க யாரும்மா?"

"எரியோடுங்க. அவரோட ரெண்டாவது சம்சாரம்."

"என் தங்கச்சி மாதிரி," என்றார் புஷ்பமேரி, அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்து. "ரொம்ப வருசப் பழக்கம்."

அறிவுச்செல்வி அந்தத் தட்டைப் பார்த்தார். ஜெரோமைப் பார்த்தார். மறுபடியும் தட்டைப் பார்த்தார்.

"இதுக்குப் பயந்துதான் எரிச்சீங்க?"

ஜெரோம் வாயைத் திறக்கவில்லை. காலையிலிருந்து அவன் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

தெருவே வாசலில் நின்றது. நாங்கள் எங்கே போவோம், முன்வரிசையில்தான் நின்றோம். ஜீப்புக்கு வந்த ஜெரோம், என்ன நினைப்பிலோ டிரைவருக்குப் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

இன்ஸ்பெக்டர் அதைச் சாத்தினார்.

"பின்னாடி ஏறுங்க. முன்னாடி உக்காந்தா வழி சொல்ல ஆரம்பிச்சிருவீங்க."