வரிசையில் நிற்காத புள்ளி

ஆள் சின்னதாக இருந்ததால் அவளை எல்லோரும் பட்டாணி என்றே கூப்பிட்டார்கள். பத்து வயதாகியும் பெயர் மாறவில்லை. ஆனால் இந்த விடுமுறையில் அவளுக்குப் பெரிய வேலை ஒன்று கிடைத்திருந்தது.

அவளுடைய சித்தி விஞ்ஞானி. ஆய்வுக்கூடத்து மாடியிலிருந்து எதிர்க் கட்டடத்து மாடிக்கு ஒரு கருவி மைக்ரோவேவ் அலைகளை அனுப்பும். வழியில் காற்றிலுள்ள நீராவி அதில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். எவ்வளவு நீராவி இருந்தால் எவ்வளவு அலை குறைகிறது? அதைத்தான் சித்தி அளந்துகொண்டிருந்தார்.

காற்றின் ஈரத்தைக் குறிப்பது பட்டாணியின் பொறுப்பு. மாடியில் இரண்டு வெப்பமானிகள் தொங்கின. ஒன்றின் அடியில் ஈரத்துணி சுற்றியிருக்கும்; அதன் நுனி ஒரு தண்ணீர்க் கிண்ணத்தில் தொங்கும். காற்று உலர்ந்திருந்தால் துணியின் ஈரம் ஆவியாகி அந்த வெப்பமானி குளிரும். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டினால் காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். தினமும் காலை பத்து மணிக்கு அவள் இரண்டையும் பார்த்து நோட்டில் எழுதுவாள்.

பதினோரு நாள் கழித்து சித்தி வரைபடம் போட்டார். பத்துப் புள்ளிகள் எறும்புபோல வரிசையாக ஏறின. ஏழாம் நாள் புள்ளி மட்டும் கோபித்துக்கொண்டதுபோலத் தனியே நின்றது.

“அன்னிக்குக் காத்துல அவ்வளவு ஈரம். ஆனா அலை குறையவே இல்ல. மெஷின்லதான் கோளாறு, கழட்டிப் பாத்துடலாம்” என்றார் கருவியைப் பார்த்துக்கொள்ளும் எஞ்சினியர் மாமா.

“கழட்டினா அளவே மாறிடும், இத்தனை நாள் அளந்ததெல்லாம் வீண் சார்.” சித்தியின் முகம் வாடியது.

பட்டாணி நோட்டைப் புரட்டினாள். ஏழாம் நாள், இரண்டும் முப்பத்திரண்டு. அன்றுதானே அவள் ஷூவைத் துவைத்தாள்? மதியத்துக்குள் மொறமொறவென்று காய்ந்துவிட்டதே. ஈரக் காற்றில் ஷூ எப்படிக் காயும்?

எட்டாம் நாள் துணிக்கான கிண்ணம் வற்றிக் கிடந்ததும், அதில் தண்ணீர் ஊற்றியதும் நினைவுக்கு வந்தன.

எஞ்சினியர் மாமா திருப்புளியைக் கையில் எடுத்துவிட்டார்.

“மெஷின் மேல தப்பில்ல மாமா” என்றாள் பட்டாணி. “தப்பு என்னோடது. அன்னிக்குத் துணி காஞ்சிருக்கணும். நான் பாக்காமலே எழுதிட்டேன்.”

“நிச்சயமா தெரியுமா?” என்று கேட்டார் அவர்.

“இப்பவே காயவிட்டுப் பாக்கலாமே.”

துணியைக் காயவிட்டுப் பார்த்தார்கள். இரண்டு வெப்பமானிகளும் முப்பத்தொன்று காட்டின. நனைத்துக் காத்திருந்தார்கள். ஒன்று மட்டும் மெல்ல மெல்ல இருபத்துநான்குக்கு இறங்கியது.

சித்தி அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டார். “என் வேலையக் காப்பாத்திட்டடி, பட்டாணி.”

“நான் மெஷினச் சந்தேகப்பட்டேன். இவ தன்னையே சந்தேகப்பட்டிருக்கா” என்றபடி எஞ்சினியர் மாமா திருப்புளியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை பத்து மணி. அவரே பேனாவும் நோட்டுமாக மாடியில் காத்திருந்தார்.

“சொல்லுங்க மேடம், இன்னிக்கு எவ்வளவு?”

பட்டாணி அவசரப்படவில்லை. துணியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நன்றாக நிமிர்ந்து நின்று, எதிர்க் கட்டடத்துக்கே கேட்கும்படி இரண்டு எண்களையும் சொன்னாள்.